கரண்டு போனது தெரியாத பெட்டி

“குருவம்மா, கம்ப்யூட்டருக்குச் சூடே வராதா?”

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சிவனணைந்தான் கேட்டுவிட்டார்.

ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டியதில் பாதி உள்ளே போனது, பாதி அவள் தோளுக்கு வந்தது. வந்தவர் முகத்தைப் பார்க்காமலே அவர் பையிலிருந்து லேப்டாப்பை உருவி, அதன் அடியில் உள்ளங்கையை வைத்தாள். பஸ்ஸில் வரும்போதுகூட மனுஷர் அதை அணைக்கவில்லை.

“வராம என்ன? இதுல தோசையே சுடலாம் போல.”

“நான் கேட்டது அந்தச் சூடு இல்லை.”

“தெரியும். உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார மனசில்லாமல் உட்கார்ந்தார்.

அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஆரல்வாய்மொழியில், காற்றாடிகள் சுற்றுகிற மலையடிவாரத்தில், அந்தச் சின்ன வீட்டைத் தேடிச் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பழைய வாத்தியங்களின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேச்சு. அதை முதலில் சொல்லுகிறவளும் அவள்தான். யாரோ கேலியாகக் குருவம்மா என்று கூப்பிடப்போய், அதுவே பேராக நிலைத்துவிட்டது.

“சொல்லுங்க. யார் உங்களை அழவச்சது?”

“நான் அழலை.”

“சரி, அழலை. யாரு?”

“அக்கா.”

அக்கா என்றால் பிரம்மசக்தி. செவ்வந்தி இன்னிசைக் குழு பிரம்மசக்தி. தெற்கே எந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடந்தாலும் மேடையில் வெறுங்காலோடு நின்று பாடுகிறவள். அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய சிந்தசைசர் நிற்கும். கறுத்த, கனத்த, தூக்குகிறவன் முதுகை ஒடிக்கிற பெட்டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிற தம்பி சிவனணைந்தான், கொடை நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து அதை வாசிப்பார்.

போன கொடையில் பந்தல் கிழிந்து மழை உள்ளே கொட்டியது. பெட்டி செத்துப்போனது. ரிப்பேர் பார்க்கிறவர்கள் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“புது கீபோர்டு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். பாடிப் பார்த்தா. பாதிப் பாட்டுல மைக்கை அணைச்சுட்டா. ‘செவுத்துகூடப் பாடுத மாதிரி இருக்குல. இனிமே நான் மைக்கு முன்னால நிக்கமாட்டேன்’னுட்டா.”

“ஆவணிக் கொடை?”

“கமிட்டிக்காரங்க வந்து கேட்டுட்டுப் போனாங்க. அவ வரலேன்னா வேற குழு வரும். அது கிடக்கட்டும். இந்தக் கொடையில அவ நிக்கலேன்னா, அப்புறம் எதுலயும் நிக்கமாட்டா. எனக்கு அவளைத் தெரியும், குருவம்மா.”

அதனால்தான் அவர் செத்த பெட்டியின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் கட்ட உட்கார்ந்தார். சென்னையில் ஒரு நண்பரிடம் அதே மாதிரிப் பெட்டி உயிரோடு இருந்தது. போய், ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, ஒவ்வொரு திருகாகத் திருப்பி, அளந்து பதிந்துகொண்டு வந்தார்.

“நண்பர் என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. ‘மரம், கம்பி, உஷ்ணம் எல்லாம் சேர்ந்த உயிரு இது. நீ எழுதப்போறது வெறும் கணக்கு. கணக்குக்கு எங்கேயிருந்துய்யா சூடு வரும்’னாரு.”

ஜெசிந்தா பிள்ளையின் வாயைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்துவிட்டாள் போல. பிள்ளை வீல் என்றது.

“அந்தப் பெட்டிக்குள்ள என்ன, சாமியா குடியிருந்துது? தகரமும் கம்பியும்தானே? தகரத்துக்கு வரும்னா கணக்குக்கும் வரும்.”

“நிசமாவா?”

“வராதுன்னு சொல்லுதவன் எவனும் வரவச்சுப் பார்த்தவன் இல்லை. போடுங்க, கேப்போம்.”

அவர் லேப்டாப்பைத் திறந்து, சுவரில் செருகி, கையோடு கொண்டுவந்த சின்னக் கட்டைப்பலகையை இணைத்து வாசித்தார்.

அச்சு அசல் அந்தப் பெட்டி. அதே கனம், அதே பழுப்பு, அதே மூக்கடைப்பு. அவருக்கே ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

ஜெசிந்தா கொட்டாவி விட்டாள்.

“அக்கா இதைக் கேட்டாங்களா?”

“கேட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“‘நல்லாத்தான் இருக்கு, மாலை போட்ட போட்டோ மாதிரி’ன்னா.”

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டுச் சேர்ந்து சிரித்தது.

“அக்காதான் குருவா இருக்க வேண்டியது. சரி, சென்னையில எங்க வச்சுப் பதிஞ்சீங்க?”

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் நிமிர்ந்தார். “ஏசி ரூம்ல. ஸ்டெபிலைசர் போட்டு. பெட்டி நல்லா நிதானத்துக்கு வார வரைக்கும் காத்திருந்து, அதுக்குப் பிறகுதான் ஒரு கட்டையைத் தொட்டேன்.”

“ஓ. பெரியாஸ்பத்திரியில படுக்கவச்சு.”

அவர் நிமிர்ந்தது கொஞ்சம் தாழ்ந்தது.

“அக்கா அந்தப் பெட்டிகிட்ட என்ன பேசுவாங்க?”

“பேசவா? திட்டுவா. பாட்டு ஆரம்பிக்க முன்னால அதுக்கு விலாவுல ஒரு அடி. நடுவுல அது சுருதி இறங்குச்சுன்னா, பாடிக்கிட்டே இந்தப் பக்கம் திரும்பி, ‘நில்லு மூதி’ம்பா. கேக்கிற சனம் அதையும் பாட்டுன்னு நினைச்சுக்கும்.”

ஜெசிந்தா தலையாட்டினாள். பிள்ளையை இடுப்பு மாற்றினாள். குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

அவர் விரல் கட்டையில்தான் இருந்தது. சத்தம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மயிரிழை அசையவில்லை.

“இதுக்குக் கரண்டு போனது தெரியுமா, அண்ணாச்சி?”

“பேட்டரி இருக்குல்லா.”

“இருக்கு. தெரியுமான்னு கேட்டேன்.”

பதிலுக்கு நிற்காமல், பிள்ளைக்கு முகம் கழுவ உள்ளே போய்விட்டாள்.

•

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று அறைந்துகொண்டே வந்தது.

அவருக்கு ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது. கொடையில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜெனரேட்டர்தான். சீரியல் லைட்டு, குழாய் ஸ்பீக்கர், ஐஸ் வண்டி, ராட்டினம். ராட்டினக்காரன் சுவிட்சைப் போட்டதும் மேடையில் பெட்டி ‘உம்’ என்று தலையைத் தொங்கப்போடும். பிறகு மெல்ல மெல்லத் தூக்கும்.

அந்த நேரத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகைத் திருப்புவார். இத்தனை வருஷமும் அதை ஒரு சனியன் என்றுதான் நினைத்திருந்தார்.

“அட, அதானா!” என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புரோகிராமை மாற்றி எழுதினார். கொஞ்சம் கீழே நழுவு. கொஞ்சம் மேலே ஏறு. எப்போது நழுவ வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும் என்பதெல்லாம் உன் இஷ்டம். அந்தப் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இரண்டு குரல் சேர்ந்து பாடும். அந்த இரண்டையும் தனித்தனியாக நழுவவிட்டார்.

சத்தம் ஆடியது, அலைந்தது. அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

பிரம்மசக்தி நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிக்கும்வரை உரிப்பது நிற்கவில்லை.

“எப்படிக்கா?”

“குடிக்காதவன் குடிகாரன் வேஷம் கட்டினாப்ல இருக்குல.”

“இல்லக்கா, நம்ம பெட்டியும் இப்படித்தான் அலையும்…”

“நம்ம பெட்டியா அலைஞ்சுது?” அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அதை எம்முன்னால அப்படிச் சொல்லாத.”

மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டாள். தம்பிக்கு விளங்கவில்லை. ஊரே கேட்க நின்று திட்டினவள் அவள்தானே?

•

“திட்டினவளே அதைக் குறை சொல்லவிடமாட்டேங்கா, குருவம்மா.”

“நீங்க கட்டினதைப் போடுங்க.”

போட்டார். வெளியே முற்றத்தில் காற்று சேலைகளைக் கொடியோடு பிடுங்கப் பார்த்தது. ஜெசிந்தா கிளிப் மாட்டிக்கொண்டே கேட்டாள். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

“நாலு நாளா இவ நடக்கப் பழகுதா,” என்றாள், பிள்ளையைக் காட்டி. “நீங்க இவளை மாதிரி நடந்து காட்டுங்க.”

“நானா?”

“இங்க வேற யாரு சிஷ்யன்?”

சிவனணைந்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். ரோட்டில் ஆள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். கால்களை அகட்டி, கைகளைத் தூக்கி, இப்படியும் அப்படியும் சரிந்து சரிந்து முற்றத்தில் நடந்தார். ஒரு இடத்தில் விழப்போகிற மாதிரிகூடப் போனார்.

பிள்ளை அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்ததில் எச்சில் ஒழுகியது.

“நல்லா நடிக்கீங்க,” என்றாள் ஜெசிந்தா. “இப்ப அவளைப் பாருங்க.”

பிள்ளையைத் தரையில் விட்டாள். எட்டத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை உருட்டிவிட்டாள்.

பிள்ளை சிரிப்பை நிறுத்தியது. டம்ளரைப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்தது. பிடியை விட்டது.

காற்று அதன் சட்டையைப் பலூனாக ஊதியது. இடது பக்கம் சாய்ந்தது. முகம் சிவக்க வலது பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு அடி வைத்தது. கூடுதலாக வந்துவிட்டது போல, மறுபடி இடது பக்கம் இழுத்தது. இன்னொரு அடி.

பொத்தென்று உட்கார்ந்தது.

சிவனணைந்தானுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்க் குனிந்து, பிடித்துக்கொள்ளட்டும் என்று ஆள்காட்டி விரலை நீட்டினார்.

பிள்ளை அந்த விரலைப் பட்டென்று அடித்தது.

அடித்துவிட்டு, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, முதலில் பின்புறத்தைத் தூக்கி, பிறகு தலையைத் தூக்கி, தானாக எழுந்து நின்றது. குனிந்திருந்த அவருக்கு அதன் கால்கள்தான் தெரிந்தன. பத்து விரல்களும் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன. நண்டு மாதிரி.

“அண்ணாச்சி, இவ தள்ளாடுதாளா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல்லவில்லை.

டம்ளரைப் பிடித்துவிட்ட பிள்ளை அதைத் தரையில் ‘டங்’ என்று அடித்தது.

அவர் பையைத் தூக்கித் தோளில் போட்டார். லேப்டாப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

“டீ போட்டிருக்கேன்!” என்றாள் ஜெசிந்தா.

காதில் விழவில்லை.

“அண்ணாச்சி! செருப்பு!”

அதுவும் விழவில்லை.

•

எழுதியதில் ‘நழுவு’ என்று இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தார். ‘ஏறு’ என்று இருந்ததையும் அழித்தார். ‘உன் இஷ்டம்’ என்று இருந்ததை அழிக்கும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

உள்ளே பாடுகிற இரண்டு குரலுக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

நில்லு.

பிறகு அவற்றை நிற்கவிடாமல் தள்ளுவதற்கு ஆள் வைத்தார். வேஷத்துக்கு இல்லை, நிசமாகவே. லேப்டாப் எவ்வளவு கொதிக்கிறது என்று லேப்டாப்புக்குத் தெரியும். அந்தச் சூட்டை எடுத்துக் குரல்களின் முதுகில் ஏற்றினார். கரண்டு வருகிறதா போய்விட்டதா என்றும் அதற்குத் தெரியும். அதையும் வாத்தியத்துக்குத் தெரியும்படி செய்தார். போனால் காலுக்குக் கீழே பலகையை உருவின மாதிரி இருக்கட்டும்.

ஒரு குரலுக்குப் பலத்தைக் கூடக் கொடுத்தார். இன்னொன்றுக்கு ரோஷத்தைக் கூடக் கொடுத்தார். இரண்டும் இழுத்துப் பிடிக்கட்டும், பிந்தட்டும், மிஞ்சட்டும், மறுபடி இழுக்கட்டும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கணக்குத்தான். கூட்டல் கழித்தல்தான். அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க விரல்கள் தரையைக் கவ்வுவதுதான் தெரிந்தது.

•

“சுருதி நிக்கலையே, அண்ணாச்சி.”

மூன்றாவது தடவை ஜெசிந்தா கொட்டாவி விடவில்லை. கையில் இருந்த துணியைக்கூடக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு இதைச் சொன்னாள்.

“நிக்காது,” என்றார் சிவனணைந்தான்.

“முதல்ல கொண்டுவந்தது நின்னுதே?”

“அதுக்குக் காலே இல்லை. அதான் நின்னுது.”

“இதை எவன் வாங்குவான்? ஒரு பாட்டு முழுசா ஒரே மாதிரி வராது. நேத்து வந்தது இன்னைக்கு வராது. வெயில்ல ஒண்ணு, மழையில ஒண்ணு. அழிச்சிருங்க.”

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொல்லுதேன்லா? அழிச்சிட்டு முதல்ல இருந்து வாங்க.”

“மாட்டேன்.”

முற்றத்தில் காற்று ஒரு பிளாஸ்டிக் வாளியை உருட்டிக்கொண்டு போனது. பிள்ளை அதன் பின்னால் போனது.

“குரு சொல்லுதேன், அண்ணாச்சி.”

“நீங்க குருவாவே இருங்க. நான் வேண்டாம்னு சொல்லலை.” அவர் குரல் நடுங்கியது. நடுங்குகிறதே என்று அவருக்கே எரிச்சலாக வந்தது. இன்னும் உரக்கச் சொன்னார். “அழிக்கமாட்டேன். முன்ன கொண்டுவந்தது ரெண்டும் பொம்மை, வேஷம். இது நிக்கப் பார்க்குது. நிக்கப் பார்க்கிறதை அழின்னு யார் சொன்னாலும் செய்யமாட்டேன்.”

“உங்க அக்காவுக்கும் பிடிக்கலேன்னா?”

கொடைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கமிட்டிக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை வரைதான் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அவள் எழுந்து நிற்கவில்லை என்றால், கதை முடிந்தது.

“பிடிக்கலேன்னாலும்,” என்றார்.

“அப்ப எங்கிட்ட எதுக்குக் கொண்டுவந்தீங்க?”

அவர் லேப்டாப்பை மூடினார். எழுந்தார். இந்தத் தடவை செருப்பை மறக்காமல் மாட்டினார். போன தடவை விட்டுப்போனதும் அங்கேயே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார். கோபமாகப் புறப்படுகிற மனுஷன் கையில் ஒரு ஜோடி, காலில் ஒரு ஜோடி என்று நின்றால் அது எடுபடாது. இருந்தாலும் அவர் விறைப்பாகத்தான் நின்றார்.

ஜெசிந்தா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“ரிகர்சல் எப்ப?”

“ஞாயித்துக்கிழமை காலையில. அக்கா வீட்டுல.”

“நானும் பாப்பாவும் வாரோம். சோறு போடுவீங்கல்லா?”

•

பிரம்மசக்தி வீட்டு நடுக்கூடத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிடார்காரர் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் மைக் மட்டும் ஸ்டாண்டில் தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில், பழைய பெட்டி வழக்கமாக நிற்கிற இடத்தில், ஒரு மேசை போட்டு லேப்டாப்பை வைத்திருந்தார் சிவனணைந்தான்.

பிரம்மசக்தி மைக்குக்கு எட்டத்தில், சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். மடியில் முறம். முறத்தில் வெங்காயம்.

“கேக்கேன்,” என்றாள். “ஆனா நிக்கமாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்.”

“நிக்க வேண்டாம்க்கா.”

“இந்தப் பிள்ளைதான் உன் குருவா?” ஜெசிந்தாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “ஏம்மா, இவனுக்கு நீ என்ன சொல்லிக் கொடுத்த?”

“அழிக்கச் சொன்னேன். கேக்கமாட்டேன்னுட்டார்.”

“சின்னதிலேயே அப்படித்தான். ஒரு சொல்லு கேக்கமாட்டான்.”

சிவனணைந்தான் கட்டையில் விரலை வைத்தார்.

அம்மன் பாட்டின் முதல் சுரம். கீழே இருந்து ஒரு குரல் எழுந்தது. அதற்கு ஒரு நூல் பிந்தி இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஏறின. ஆவணி வெயில் ஓட்டுக்கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. லேப்டாப் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தது. பாதி வழியில் சத்தத்தின் முதுகு வளைந்தது. வளைந்தது, பிறகு இழுத்துப் பிடித்தது.

வெங்காயம் உரித்த கை நின்றது.

அவர் முதல் அடியை வாசித்தார். பிரம்மசக்தி முறத்தைப் பார்த்தபடியே, பாதிக் குரலில், பல்லிடுக்கில் பாடுகிற மாதிரி சேர்ந்தாள். இரண்டாம் அடியில் சத்தம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் புருவம் சுருங்கியது.

“எங்க போற?”

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் அவரிடம் பேசவில்லை.

மூன்றாம் அடியில் அது மறுபடி சாய்ந்தது. பிரம்மசக்தியின் குரல் பல்லிடுக்கை விட்டு வெளியே வந்து, அதன் காதைப் பிடித்துத் தூக்கியது. அது வந்தது. வந்த வேகத்தில் அவளையும் தாண்டிப் போனது. அவள் விடவில்லை.

முறம் சரிந்தது. வெங்காயம் கூடம் முழுக்க உருண்டது. பிரம்மசக்தி வீட்டுக்குள் போடுகிற செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு மைக்குக்கு வந்தாள். வந்த வாக்கில் மேசையின் விலாவில் ஒரு அடி வைத்தாள்.

“இது நம்ம பெட்டி இல்லல,” என்றாள், பாட்டு வரிக்கும் வரிக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில். “அதுக்கு எம்மேல பயம் உண்டு. இதுக்கு அது இல்லை.”

சிவனணைந்தான் நிறுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் அடுத்த அடியை எடுத்துவிட்டாள். டிரம்காரர் தன்னை அறியாமல் சேர்ந்துகொண்டார்.

ஜெசிந்தா பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றதில் கையிலிருந்த பிள்ளையைக் கீழே விட்டிருந்தாள்.

பிள்ளை வெங்காயத்தின் பின்னால் போனது. வெங்காயம் மேசைக்கு அடியில் போனது. மேசைக்கு அடியில் ஒரு ஒயர் அழகாகத் தொங்கியது. பிள்ளை அதைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது.

பிளக் கையோடு வந்துவிட்டது.

பாட்டின் உச்சியில், பிரம்மசக்தி மேல் சுரத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், சத்தத்தின் காலுக்குக் கீழே இருந்த பலகை போனது. ‘உம்ம்’ என்று தலை தொங்கியது. இரண்டு குரலும் இரண்டு பக்கம் சரிந்தன. ராட்டினக்காரன் சுவிட்சைப் போட்டுவிட்ட மாதிரி.

பிள்ளை பிளக்கோடு பொத்தென்று உட்கார்ந்தது.

சிவனணைந்தான் ஒரு கை கட்டையில் இருக்க, மறு கையால் பிளக்கைப் பறிக்கப் பாய்ந்தார்.

அக்காவின் கால் குறுக்கே வந்து விழுந்தது. அவர் குனிந்த இடத்திலிருந்து அந்தக் கால்தான் தெரிந்தது. ஐந்து விரலும் தரையைக் கவ்வியிருந்தன.

“தொடாதல!” என்றாள் பிரம்மசக்தி, மைக்கிலேயே. “அதுவா எந்திரிக்கட்டும். நான் இங்கதான நிக்கேன்.”